மேற்கட்டி: நெடுநல்வாடையிலிருந்து கருப்பூர் வரை

வரலாற்றுக் கட்டுரை என்றால் கல்வெட்டிலிருந்தோ செப்பேட்டிலிருந்தோதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இம்முறை நாம் ஒரு பட்டுச்சேலையிலிருந்து தொடங்குகிறோம்.

கல்லூரியில் நம்முடன் பணிபுரியும் பேராசிரியை ஒருவர், மகளின் திருமணத்துக்கென்று சொல்லிச் செய்வித்த சேலை ஒன்றை ஆசிரியர் அறைக்கு எடுத்து வந்திருந்தார். இளமஞ்சள் பட்டு. முந்தானை முழுவதும் ஒரு தாமரைக்குளம். குளத்தில் மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூக்கொய்யும் இளைஞர்கள். அச்சடித்ததன்று; ஒவ்வொரு கோடும் கையால் எழுதியது. புதுக்கோட்டைப் பக்கத்து ஓவியப் பெண்மணி ஒருவர் பட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வண்ணம் படராமலிருக்க ஓரங்களில் பிசின்கோடு இட்டு, மூன்று வாரம் அமர்ந்து தீட்டினாராம். இந்தக் குளத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். சித்தன்னவாசல்!

சேலை கைமாறிக் கைமாறிப் போகும்போதே விவாதமும் தொடங்கிவிட்டது. "சுவர் ஓவியம் நம்முடையது. ஆனால் துணியில் எழுதுவது நம் மரபில்லையே! அது காளத்தி, மசூலிப்பட்டினம் பக்கத்துக் கலம்காரி அல்லவா?" என்றார் வரலாற்றுத்துறை நண்பர். கலம் என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீக வழிச்சொல்; காரி என்றால் வேலை; ஆகவே சொல்லும் வெளியூர், தொழிலும் வெளியூர் என்பது அவர் முடிவு. நாம் தலையாட்டிவிட்டோம். மறுநாள் வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்வரை அந்த முடிவு நம்மை உறுத்தவில்லை.

அரசி அண்ணாந்து பார்த்த துணி

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. பாடியவர் நக்கீரர். கூதிர்க்காலத்து இரவு, அரசன் பாசறையில், அரசி அரண்மனையில். இவ்விரண்டு இடங்களையும் எதிரெதிரே வைத்துப் பாட்டு நகர்கிறது. அரசியின் கட்டிலைப் புலவர் வருணிக்கும் பகுதியை இருபது ஆண்டுகளாக நாம் நடத்தி வருகிறோம். யானைக் கொம்பால் செய்த கால்கள், மெத்தை விரிப்பு, அணி களைந்து தாலி மட்டும் தொங்கும் அரசியின் கழுத்து என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி விளக்குவோம். கட்டிலின் மேலே கட்டிய துணியை மட்டும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவோம்.

அந்தத் துணியில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. அது புதிதாகச் செய்யப்பட்ட, மெழுகிட்ட ஒரு படம். மேட ராசி முதலாகச் சுழலும் வான மண்டிலம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் திங்கள், திங்களைப் பிரியாத உரோகிணி. படுத்திருக்கும் அரசி அண்ணாந்து அதைப் பார்க்கிறாள். தானும் அவளைப்போல் இருக்கக்கூடாதா என்று நெடுமூச்செறிகிறாள். கண்ணில் நீர் துளிர்க்கிறது. நூற்றெண்பத்தெட்டு அடிகளில் அரசி தன் துயரை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அவளுக்காக ஓர் ஓவியன் எழுதிய துணி சொல்கிறது.

படம் என்ற சொல்லையும் இங்கே நின்று பார்க்க வேண்டும். இன்று நமக்குப் படம் என்றால் சித்திரம், திரைப்படம். நக்கீரர் காலத்தில் அது துணியைக் குறித்த சொல். வடமொழிப் படமும் துணிதான். மயிலுக்குப் பேகன் ஈந்ததும் படாம்தான். துணிக்கு இட்ட பெயர், துணியில் எழுதியதற்கு ஆகி, பிறகு எதில் எழுதினாலும் அதற்கு ஆகிவிட்டது. துணியில் எழுதும் வழக்கம் பரவலாக இல்லாத ஒரு மொழியில் இப்படி ஒரு மாற்றம் நிலைத்திருக்குமா? துணியில் எழுதுவது நம் மரபில்லை என்று சொல்லிக்கொண்டே நாம் படம் பார்க்கப் போகிறோம்!

சிலம்பும் இதற்குச் சான்று தருகிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடவிருக்கும் அரங்கின் மேலே ஓவிய விதானம் கட்டப்படுகிறது, முத்துமாலைகள் தொங்கவிடப்படுகின்றன, மூவகை எழினிகள் அமைக்கப்படுகின்றன. இந்திரவிழவூரெடுத்த காதையிலோ பட்டு, மயிர், பருத்தி மூன்றிலும் நுண்வினை செய்யும் காருகர் பேசப்படுகின்றனர். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று மதுரைக்காஞ்சி அழைக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்குப் பொருள் கண்டார் நச்சினார்க்கினியர். இவர்கள் எழுதிய துணிகளில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. நம் வெயிலும் மழையும் கறையானும் பருத்தியை இரண்டாயிரம் ஆண்டுகள் விட்டுவைப்பதில்லை.

மெழுகு எதற்கு?

வகுப்பில் இதையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர். அதிகம் பேசாதவர்.

"ஐயா, துணியில மெழுகு எதுக்குப் போட்டிருக்காங்க?"

துணி விறைப்பாக நிற்பதற்காக இருக்கலாம் என்றோம். மெழுகு பூசிய மேற்கட்டி என்பதுதானே உரை! பூசியதன் காரணத்தை நாம் ஒருநாளும் யோசித்ததில்லை.

"எங்க வீட்ல நிறம் ஏறக்கூடாத இடத்துலதாங்கய்யா மெழுகு போடுவாங்க. தாத்தா கோயிலுக்குத் தொம்பை எழுதுறவரு."

அன்று மாலை அவரை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டோம். ஆசிரியராக அன்று, மாணவராக. அவர் சொன்னதையும் நூல்களில் நாம் பின்னர் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த நுட்பம் புரிந்தால்தான் வரலாறு புரியும்.

முதலில் வெளுக்காத பருத்தித் துணியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு வெளுப்பாக்குவர். பிறகு கடுக்காய்க் கரைசலிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நூலிழையில் ஏறி, பின்னால் வரும் நிறத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, மை பக்கவாட்டில் ஊறிப் பரவாமல் தடுக்கும். கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பர். அது மையைக் குடித்து வைத்திருக்கும். விரலால் அழுத்த அழுத்த மை இறங்கிக் கோடாகும்.

கருமை எப்படி வருகிறது தெரியுமா? துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்கவைத்த சாறு அது. கலத்தில் எடுக்கும்போது கருமையே இராது. துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கறுக்கும். சிவப்பு இன்னும் விந்தை. சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவுவர். பிறகு முழுத் துணியையும் சாயவேர் இட்ட கொதிநீரில் போடுவர். சாயவேர் என்பது நம் கடற்கரை மணலில் வளரும் இம்பூறலின் வேர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்தில் ஏறியது அலசி வெயிலில் போடப் போடப் போய்விடும். ஓவியன் கோட்டை எழுதும்போது அதன் நிறம் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. துணி கொதித்து எழுந்த பிறகே தெரியும். அந்த நிறத்தை முன்கூட்டியே மனத்தில் கண்டு எழுதுபவன் அவன்.

நீலத்துக்கு இந்த வழி உதவாது. அவுரிச் சாயம் பானையில் இருக்கும். துணியை அதில் முக்கித்தான் எடுக்க வேண்டும். முக்கினால் எல்லாம் நீலமாகிவிடும். ஆகவே நீலம் கூடாத இடத்தையெல்லாம் உருக்கிய தேன்மெழுகால் மூடுவர். அவுரிப் பானை கொதிப்பதில்லை என்பதால் மெழுகு உருகாது. முக்கி எடுத்து, காற்றாடவிட்டு, பின்னர் கொதிநீரில் மெழுகை நீக்கினால் மூடியிருந்த இடம் பழைய நிறத்தோடு வெளிப்படும்.

பட்டை ஏன் விட்டுவிட்டுப் பருத்தியைப் பிடித்தார்கள் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சுண்ணாம்பு கலந்த அவுரிப்பானை காரம் மிகுந்தது. காரமும் அடுத்தடுத்த கொதிப்பும் பட்டிழையை அரித்துவிடும். அடித்துத் துவைத்து வெயிலில் வாட்டுவதையும் பட்டு தாங்காது. பருத்தி எல்லாவற்றையும் தாங்கும். இன்று பட்டில் எழுதும் ஓவியர்கள் ஆயத்த வண்ணங்களைக் கொண்டு வேறு வழியில் செல்கின்றனர். என்றாலும் நம் பேராசிரியையின் சேலையில் இருந்த பிசின்கோடும் மெழுகின் வேலையைத்தான் செய்கிறது. நிறத்தை நிறுத்தத் தெரிந்தவரே துணியில் எழுதத் தகுதியானவர்.

இனி நெடுநல்வாடைக்குத் திரும்புவோம். அந்த மெழுகு நிறத்தைத் தடுக்க இட்டதுதான் என்று நாம் அடித்துச் சொல்லப் போவதில்லை. துணியின் மேல் மெழுகைப் பூசித் தளமாக்கி அதன்மேல் எழுதினர் என்பதும் பொருந்தும் பொருளே. ஓர் ஒற்றைச் சொல்லின் மேல் இரண்டாயிரம் ஆண்டு மாளிகையைக் கட்டுவது ஆய்வறம் ஆகாது. ஆனால் மெழுகும் துணியும் ஓவியமும் ஒன்றுசேர்ந்த இடம் நம் செவ்விலக்கியத்தில் இருக்கிறது; அதைத் தொழில் தெரிந்த ஒரு பிள்ளை கேட்ட பிறகுதான் தமிழ் கற்பிக்கும் நாம் கவனித்தோம். இது நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அறிவர் கோயிலின் விதானம்

துணி அழிந்துவிட்டது, சரி. துணியைப் பார்த்து வேறு எதிலாவது யாரேனும் எழுதி வைத்திருப்பார்களா? இக்கேள்வி எழுந்ததும் நண்பர்கள் நால்வருமாகச் சித்தன்னவாசலுக்குப் புறப்பட்டோம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். எத்தனையோ முறை போன இடம். ஒவ்வொரு முறையும் முன்மண்டப விதானத்துத் தாமரைக்குளத்தையும் தூணிலுள்ள ஆடல் மகளிரையும் பார்த்துவிட்டு, ஏழடிப்பட்டம் ஏறி இறங்கி வந்துவிடுவோம். இம்முறை நேரே கருவறைக்குச் சென்று அண்ணாந்து நின்றோம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இக்குடைவரை சமணர்க்குரிய அறிவர் கோயில். 1916இல் வெளியான புதுக்கோட்டை வரலாற்று நூலில் இராதாகிருஷ்ண ஐயர் இவ்விடத்தைக் குறிப்பிட்டார். தொடர்ந்து கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராயும் ஓவியங்களை உலகறியச் செய்தனர். முதலில் மகேந்திர பல்லவர் காலத்தவை என்றே கருதப்பட்டன. பாறையிலுள்ள தமிழ்ப் பாடல் கல்வெட்டு படிக்கப்பட்டபின் நிலை மாறியது. 9ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் என்னும் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தையும் எடுப்பித்தார் என்கிறது அது. ஓவியங்களைத் தூய்மை செய்தபோது அவை ஒரே காலத்தவை அல்ல, பழைய படலம் ஒன்றும் அதன்மேல் பிந்தைய படலம் ஒன்றும் உண்டு என்பதும் வெளிப்பட்டது.

கருவறை விதானத்தில் குளமில்லை, பூக்கொய்பவர் இல்லை. ஓரத்தில் கோடுகோடாகக் கரை ஓடுகிறது. உள்ளே சதுரங்கள், வட்டங்கள். வட்டத்துக்குள் நான்கு கைகள் விரிந்த வடிவங்கள், தாமரைப் பூக்கள். கைகளின் இடைவெளிகளில் அமர்ந்த மனித உருவங்கள், சிங்கங்கள். பெரிதும் மங்கிவிட்டன. கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. கழுத்து வலிக்க நின்ற நண்பர் ஒருவர், "பாண்டிமாதேவியைப் போலப் படுத்துப் பார்த்தால்தான் சரிவரும்" என்றார். காவலர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

இவ்வடிவத்தை ஆய்வாளர்கள் கம்பளக் கோலம் என்பர். கரை, உடல், கட்டம், கட்டத்துக்குள் பூ என்ற அமைப்பு நெய்பொருளின் அமைப்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் கம்பளம் காலடியில் விரிப்பது. தலைக்கு மேலே அது ஏன் வர வேண்டும்? அருகரின் தலைக்கு மேல் முக்குடை கவிப்பது சமண மரபு. பெருமைக்குரியோர் தலைக்கு மேல் குடையோ துணியோ கட்டுவது இம்மண்ணின் வழக்கம். அரசியின் கட்டில் மேலே மேற்கட்டி. ஆடலரங்கின் மேலே ஓவிய விதானம். அருகர் அமர்ந்த கருவறையின் மேலே அதே மேற்கட்டி, கல்லில். துணியென்றால் கிழியும், நனையும், மாற்ற வேண்டும். மாற்றவே தேவைப்படாத ஒரு மேற்கட்டியைக் கட்டிவிட வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். பாறையில் சுண்ணச்சாந்து பூசி, காவியும் கரியும் குழைத்துத் துணியை எழுதிவிட்டார்கள். இது நம் வாசிப்பு. வாசகர்கள் ஒருமுறை நேரில் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒப்பலாம், மறுக்கலாம்.

இவ்வழக்கம் சித்தன்னவாசலோடு நிற்கவில்லை. நாயக்கர், மராட்டியர் காலக் கோயில் மண்டபங்களில் விதான ஓவியம் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, காட்சிக்கு அடியில் தமிழில் விளக்கம் எழுதப்பட்டு, இடையிடையே பூவேலைக் கரைகளோடு அமைகிறது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து இராமாயண ஓவியங்களும், திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதையும் நினைவுக்கு வருகின்றன. கோயில்களில் தொங்கும் எழுத்துத் துணிகளின் அமைப்பும் இதுவேதான். சுவரிலிருந்து துணிக்குப் போனதா, துணியிலிருந்து சுவருக்கு வந்ததா என்று கேட்டால், இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பதே நம் விடை.

கடல் கடந்த துணி

நம் மண் காக்காத துணியை வறண்ட பாலை காத்தது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் நடந்த அகழாய்வில் மிளகும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடும் மட்டுமன்றி, தடுப்புச் சாய முறையில் நீலம் ஏற்றிய இந்தியப் பருத்தித் துணுக்குகளும் கிடைத்தன. தெளிந்த நீர்மங்களைத் துணியில் தடவிக் கொதிசாயத்தில் முக்கினால் பல நிறங்கள் எழும் வித்தையை எகிப்தியர் அறிந்திருந்தனர் என்று முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி வியந்து எழுதினார். 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் சாயத்தொட்டிகளாகக் கருதப்பட்டன.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் எழுத்துத் துணிகள் ஐரோப்பாவைக் கலக்கின. துவைத்தாலும் நிறம் போகாத துணியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. உள்ளூர் நெசவு படுத்துவிடுமே என்று அஞ்சி 1686இல் பிரான்சு தடை விதித்தது. அத்தடை 1759வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1701, 1722 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் தடுத்தது. தடுத்துக்கொண்டே கற்கவும் முயன்றனர். 1734 அளவில் புதுச்சேரிக்கு வந்த போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஓவியர்கள் வேலை செய்யும்போது அருகிருந்து ஒவ்வொரு படிநிலையிலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு ஒட்டிவைத்தார். 1742இல் கூர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், தாம் மதம் மாற்றிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காய், எருமைப்பால், மெழுகு எல்லாம் அதில் இருக்கின்றன. நம் மாணவர் சொன்னதும் அதுவே! அவர் தாத்தா அந்தக் கடிதத்தைப் படித்தவரல்லர். கையிலிருந்து கைக்கு வந்தது.

பொன்னும் மெழுகும்

மற்றவர்க்காக எழுதிய துணியைப் பார்த்தோம். தமிழகத்து அரசவை தனக்காகவே எழுதுவித்த துணி ஒன்று உண்டு. அதுதான் கோடாலிக் கருப்பூர்ச் சேலை. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்திலுள்ள சிற்றூர் கோடாலிக் கருப்பூர். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர்களுக்கு, குறிப்பாகச் சரபோஜி, அவர் மகன் சிவாஜி ஆகியோர் காலத்தில், இவ்வூர் சேலைகளையும் தலைப்பாகைத் துணிகளையும் செய்து கொடுத்தது. அரண்மனைப் பெண்கள் உடுத்தவும் அரசர் பரிசளிக்கவும் அமைந்த துணி அது.

அதன் தனித்தன்மை என்ன? மெல்லிய பருத்தியில், பூ வேண்டிய இடத்தில் மட்டும் பொன்சரிகையை ஊடாக இட்டு நெய்வர். நெய்தவரின் வேலை அத்தோடு முடியும். அடுத்துத் துணி எழுதுபவரிடம் செல்லும். நெய்த பூவுக்கு மேலும் அதைச் சுற்றியும் கலத்தாலும் மரக்கட்டையாலும் மெழுகிட்டுக் கோடுகளைக் காத்து, செம்மையும் கருமையும் ஏற்றுவர். முடிவில், அடர்சிவப்புக்கு உள்ளிருந்து பொன் மினுங்கும். பொன்னை மேலே காட்டுவது காஞ்சிபுரத்து வழி. பொன்னை நிறத்துக்குள் ஒளித்து வைப்பது கருப்பூரார் வழி. ஒரு சேலைக்குள் நெசவாளர், ஓவியர், சாயக்காரர் என்று மூன்று தொழில் கூடியது. மூவரில் ஒருவர் கை தவறினாலும் மூவர் உழைப்பும் வீண்.

இவ்வளவு விலை கொடுக்க அரண்மனையால்தான் முடியும். 1855இல் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தார். தஞ்சை அரசைக் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். வாங்குபவர் ஒருவரேயான தொழில், அவரோடு சாய்ந்தது. இன்று கருப்பூர்ச் சேலையைப் பார்க்க அகமதாபாத்துக் காலிகோ அருங்காட்சியகத்துக்கோ இலண்டனுக்கோ போக வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் அதை மீட்டெடுக்க நெசவாளர் சேவை மையங்கள் முயன்றன. மாதிரிகள் வந்தன, வாழ்க்கைத் தொழிலாக அது திரும்பவில்லை.

ஆனால் எழுதும் கை முற்றிலும் ஓயவில்லை. அரசனை இழந்தவர்களுக்குக் கோயில் இருந்தது. கருப்பூர்ப் பகுதியிலும், கொள்ளிடத்துக்கு இப்பால் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் பகுதியிலும் சில குடும்பத்தார் தேருக்குத் தொம்பை, வாயிலுக்கு வாசமாலை, சுவாமிக்குக் குடைத்துணி, மேலே கட்டும் ஆஸ்மான்கிரி ஆகியவற்றை எழுதி வந்தனர். ஆஸ்மான் என்றால் வானம். மராட்டியர் விட்டுச்சென்ற சொல். துணியைத் தலைக்கு மேல் கட்டி அதை வானம் என்று அழைத்திருக்கிறார்கள். நெடுநல்வாடையின் அரசி தன் தலைக்கு மேலே பார்த்ததும் வானத்தைத்தான் அல்லவா! சொல் மாறியது; மொழி மாறியது; மேற்கட்டி வானமாகவே இருந்தது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சொல்லும் தொழிலும் வெளியூர் என்ற நம் வரலாற்றுத்துறை நண்பருக்கு இதைச் சொன்னபோது, "சொல் மட்டும்தான் வெளியூர்" என்று பெருந்தன்மையோடு திருத்திக்கொண்டார்.

பெயர்

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்தபோது ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. சித்தன்னவாசலைப் புதுப்பித்தவர் பெயர் பாறையில் இருக்கிறது. திருவாரூர் விதானத்தை எழுதிய சிங்காதனம் என்னும் ஓவியர் தம் பெயரைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். போலியே, கூர்து என்று துணி எழுதுவதைப் பார்த்தவர்களின் பெயர்கூட நூல்களில் ஏறிவிட்டது. துணியை எழுதியவர் பெயர் மட்டும் எங்குமில்லை. கருப்பூர்ச் சேலையின் அடியில் அருங்காட்சியக அட்டை அரசர் பெயரைச் சொல்லும், ஊர்ப் பெயரைச் சொல்லும். ஆள் பெயரைச் சொல்லாது.

இன்றைய நிலையும் அதற்கு மாறாக இல்லை. சென்ற ஆண்டு நாம் பார்த்த ஒரு தேரில் பழைய எழுத்துத் தொம்பைகளைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அச்சுத் துணியைச் சுற்றியிருந்தனர். குறைசொல்ல எளிது. எழுதும் துணி ஒன்றுக்கு ஆகும் நாளையும் கூலியையும் யார் தருவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடையில்லை. அரண்மனை போனபோது கருப்பூருக்கு நேர்ந்தது, கோயிலும் கைவிட்டால் மிச்சத்துக்கும் நேரும். பட்டில் சித்தன்னவாசலை எழுதும் பெண்மணியும், சேலை கேட்டு அவரிடம் செல்லும் பேராசிரியையும் இந்த இடத்தில் நமக்கு முக்கியமாகத் தெரிகிறார்கள். வாங்குபவர் மாறியிருக்கிறார், துணி மாறியிருக்கிறது, எழுதுவித்தால்தான் எழுதும் கை நிலைக்கும் என்பது மாறவில்லை.

இந்தப் பருவத்தில் நெடுநல்வாடையை முடிக்கும் நாளன்று, அந்த மாணவரிடம் கலமும் மெழுகும் கொண்டுவரச் சொன்னோம். கூடவே ஒரு பானையில் அவுரிச் சாயமும் கொண்டு வந்திருந்தார். கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியில், உருக்கிய மெழுகால் ஒரு வட்டமும் அதனருகே ஒரு விண்மீனும் எழுதினார். மூலையில் ஏதோ கிறுக்கியதுபோல் இருந்தது; மெழுகு நிறமற்றது என்பதால் எங்களுக்குத் தெரியவில்லை. பானையில் முக்கி எடுத்தபோது துணி பச்சையாக வந்தது. காற்றுப் பட்டதும் எல்லார் கண்முன்னும் நீலமானது. மாணவர்கள் எழுந்தே நின்றுவிட்டனர்.

"ஐயா, அந்த அரசி பார்த்த துணிய எழுதினவரு பேரு பாட்டுல இருக்கா?"

இல்லை என்றோம்.

அவர் கொதிநீரில் துணியைப் போட்டு அலசி விரித்தார். நீல வானத்தில் வெண்திங்கள், பக்கத்தில் உரோகிணி. மூலையில், வெள்ளை எழுத்தில், அவர் தாத்தாவின் பெயர்.